ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், மாமா!

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

லிஃப்ட் மெக்கானிக்கான தங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. நானும் தங்கள் மகளும் இங்கே நலம். அதிலும் ஒரே வீட்டில் நலம். இந்த ‘ஒரே வீட்டில்’ என்பதை மட்டும் விசா அலுவலகம் நம்பமாட்டேன் என்கிறது. அத்தையின் ரத்த அழுத்தம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைப் படித்தபின் மறுபடி ஏறினால் மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். தங்கள் மகளுக்கு இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை உண்டு. எனக்கு அவள் புருஷன் என்ற உரிமை மட்டும்தான். ஆகவே இருவரும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறோமா என்று நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. திருப்தி என்றால் நான் இருக்கலாம்; இல்லையென்றால் நான் மட்டும் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எனக்கு அந்தக் கவலை. அவளுக்கோ வேறு கவலை. “வீட்டுக்கு ஆள் வராங்களா? ஐயையோ, வீடு கிடக்கிற லட்சணத்துல!” என்று தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

தாங்கள் வளர்த்த பெண், தங்களுக்குத் தெரியாததா? விருந்தாளி வருகிறார் என்றால் அந்த வீட்டில் மனுஷன் புழங்கிய சுவடே இருக்கக் கூடாது அவளுக்கு. கதவுக்குப் பின்னால் தொங்கிய லுங்கி, கட்டிலடியில் கிடந்த கிரீஸ் படிந்த பூட்ஸ், சட்டைகள், பனியன், ஷேவிங் பிரஷ், பல் தேய்க்கும் பிரஷ், முதுகுவலித் தைலம், ஸ்பானர் பெட்டி, நான் பாதி படித்துக் கவிழ்த்து வைத்திருந்த துப்பறியும் நாவல், எல்லாம் மூட்டையாகி என் கண் முன்னாலேயே பக்கத்து வீட்டு டாக்சிக்காரரிடம் போயிற்று. “ஏம்மா, நான் இங்க இருக்கேனான்னு பாக்கத்தானே அவங்க வராங்க?” என்று கேட்டுப் பார்த்தேன். “அதுக்குத்தான் நீங்களே முழுசா உக்காந்திருக்கப் போறீங்களே, அப்புறம் உங்க லுங்கி எதுக்கு?” என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, தங்கமான அம்மாள். நான் கல்யாணக் கோட்டுக்குள் மூச்சு முட்ட உட்கார்ந்திருந்தேன். குளியலறையை எட்டிப் பார்த்தார்: ஒரே ஒரு பிரஷ். பீரோவைத் திறந்தார்: அத்தனையும் அவள் துணி. “உங்க சட்டையெல்லாம் எங்கங்க?” என்றார். “பக்கத்து வீட்ல” என்று உளறிவிட்டேன் மாமா! அவர் பேனாவை எடுத்தார். “அப்ப தூங்குறது?” “இங்கதாங்க!” என்று, ஒரு சுருக்கம்கூட இல்லாத படுக்கையைக் காட்டினேன். யார் நம்புவார்கள்? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போதாக்குறைக்குத் தண்ணீர் வேறு கேட்டார். சமையலறையில் இவள் எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துத் தொலைத்திருந்தாள். டம்ளரைத் தேடி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடினேன். “வீட்டுக்குப் புதுசா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. போகும்போது, “வீடு ரொம்பச் சுத்தம்மா” என்று மட்டும் சொன்னார். இவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. “பாத்தீங்களா, எவ்வளவு திருப்தியா போறாங்க!” என்றாள்.

மறுநாளே ஃபோன் வந்தது. திருப்தி இல்லையாம். கூடத் தங்கிப் பார்த்த உறவினர் யாராவது எழுதித் தந்தால் யோசிப்பார்களாம். கேட்டதும் இவள் உட்கார்ந்து அழுதாள் மாமா. “தூசி தட்டுறேன்னு நானே உங்கள துடைச்சுப் போட்டுட்டேனே” என்றாள். எனக்கும் தாங்கவில்லை. அவளை விட்டுவிட்டு நான் எங்கே போய் என்ன பண்ணுவேன்?

ஆகவே, போன வருஷம் எங்களோடு வந்து தங்கிய தாங்கள்தான் கண்ணால் கண்டதை எழுத வேண்டும். தாங்கள் என் குறட்டை பொறுக்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போனது, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு நான் வாங்கிய திட்டு, எதையும் மறைக்க வேண்டாம். என்னைப் பற்றி அத்தையிடம் வழக்கமாகச் சொல்வதை அப்படியே எழுதினால் போதும்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசி இந்த வீட்டின்மேல் என்றும் இருக்கட்டும், என்னையும் உள்ளே வைத்து.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: மாமா, மேலே எழுதியது எதுவும் வேண்டாம்! உறையை ஒட்டப் போகும் நேரம், சொல்லாமல் கொள்ளாமல் அந்த அம்மாள் மறுபடி வந்துவிட்டார். இவள் குளித்துக்கொண்டிருந்தாள். டாக்சிக்காரர் திருப்பிக் கொடுத்த மூட்டை ஹாலெங்கும் அவிழ்ந்து கிடந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கையோடு கூட்டிப்போய் ஒன்று விடாமல் காட்டினேன்: ஈரத் துண்டு, முடி சுற்றிய சீப்பு, முந்தாநாள் பாத்திரம் வழியும் சிங்க், எல்லாம். அவர் சிரித்துச் சிரித்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, “போதுங்க, இது குடும்பம்தான். நீங்க இங்கயே இருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். குளித்து வந்தவளிடம் குதித்துக்கொண்டு சொன்னேன். “சிங்க்கையுமா காட்டுனீங்க? என் சிங்க் சர்க்கார் ஃபைல்லயா? உங்களுக்குத்தான் உரிமை வந்தாச்சே, நீங்களே இருங்க!” என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். இக்கடிதத்தை அவளே கொண்டு வருகிறாள். தயவுசெய்து சமாதானம் சொல்லி அடுத்த விமானத்திலேயே அனுப்பி வையுங்கள். அந்த அம்மாள் இன்னொரு தடவை வந்து, “உங்க வீட்டம்மா எங்கங்க?” என்று கேட்டால் நான் என்ன சொல்வேன் மாமா?