பதினேழாவது குழியில் நகர்ந்த பந்து

உலகத்தில் நீதி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முகவரி உண்டு. டெக்சாஸ், எங்கள் ஊர் கோல்ஃப் மைதானம், கார்கள் நிற்கும் இடத்தை ஒட்டிய நடுவர் குழுவின் வெள்ளைக் கூடாரம். 1996-ஆம் ஆண்டுப் பருவத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். எந்தக் கோப்பை யாருக்குப் போயிற்று என்பதெல்லாம் மறந்துவிட்டது. எங்கள் போட்டியில் நீதி மயிரிழைகூடப் பிசகாததை மட்டும் மறக்க முடியுமா? அந்தக் கூடாரத்தில் தொலைபேசியை எடுத்தவனே நான்தான்.

எங்கள் ஆட்டத்தின் பெருமை அது. வீட்டில் டிவி பார்ப்பவர் ஆட்டக்காரரின் தப்பு ஒன்றைக் கண்டுவிட்டால் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லலாம். ஒவ்வொரு 'புகாரையும்' பதிவேட்டில் ஏற்றுவோம்.

அந்த வாரம் திங்கட்கிழமையே வெர்னா ஸ்டக்கி கூப்பிட்டார். மைதானத்து வேலிக்கு அடுத்த வீடு.

"கண்ணு, என் கிணறு வத்திப் போச்சு. நீங்க புல்லுக்கு ராப்பகலா தண்ணி இறைக்கிறீங்க. இங்க குழாயத் திறந்தா காத்துதான் வருது."

"அம்மா, இது ஆட்ட விதிக்கான நம்பர். கிணறு எங்க புத்தகத்துல இல்லைங்க. மாவட்ட ஆபீஸ்ல கேளுங்க."

"அவங்கதான் இந்த நம்பரக் குடுத்தாங்க."

சனிக்கிழமைக்குள் ஐந்து முறை கூப்பிட்டார். ஐந்து முறையும் 'பொருத்தமற்றது' என்று அழகாகப் பதிந்தேன். தலைமை நடுவர் ஹார்லன் ஓக்ஸிடம் சொல்லவும் செய்தேன். "வறட்சி கடவுள் செயல்ப்பா. நாம என்ன பண்றது?" என்றார். பக்திமான்.

ஞாயிறு, கடைசி நாள். எங்கள் ஆட்டத்தில் மட்டையால் குறைவான அடிகள் அடித்தவருக்கே கோப்பை. பத்தொன்பது வருடமாக ஒரு கோப்பையும் தொடாத டேல் பர்விஸ் ஓர் அடி குறைவாக அடித்து முன்னிலையில் ஆட்டத்தை முடித்துவிட்டு, கணக்குச் சீட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். கூடாரத்தில் தொலைபேசி மணி அடித்தது.

"கண்ணு, நான்தான். பதினேழாவது குழிகிட்ட பர்விஸ் மட்டைய வச்சப்போ பந்து நகர்ந்துச்சு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "எவ்வளவு தூரம்மா?"

"ஒரு அரிசி அளவு. டேப்புல பிடிச்சு வச்சிருக்கேன். என் தண்ணி எப்படி இருக்குன்னு பாக்கத்தான் டிவியே போட்டேன்."

நான்கே நிமிடத்தில் அவசரக் கூட்டம். பத்தாவது நிமிடத்தில் ஓக்ஸும் நானும் வெர்னா வீட்டுக் கூடத்தில் நின்றோம். ஓக்ஸ் மண்டியிட்டு, டிவியில் மூக்கு உரச, பதினொரு தடவை பார்த்தார்.

"காத்துல நகர்ந்திருக்குமோ?"

"பக்கத்துல ஒரு புல்லுகூட அசையலியே சார்" என்றேன்.

ஓக்ஸ் எழுந்தார். வாக்கி டாக்கியில் தீர்ப்புச் சொன்னார். "அரிசி அளவோ ஆனை அளவோ, நகர்ந்தது நகர்ந்ததுதான். நகர்த்தினவர்தான் பழைய இடத்துல திருப்பி வைக்கணும். வைக்கல. தண்டமா அவர் கணக்குல ரெண்டு அடி சேர்த்துக்கோங்க."

பர்விஸின் கோப்பை போயிற்று. பாவம், அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றி, "விதின்னா விதிதான்" என்றாராம். எப்பேர்ப்பட்ட விளையாட்டு!

ஓக்ஸ் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "அம்மா, ஒரு கிளாஸ் ஐஸ் டீ கிடைக்குமா?"

வெர்னா உள்ளே போய் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அதில் ஒரு டீப் பையும் இரண்டு கரண்டி சர்க்கரையும் காய்ந்து கிடந்தன.

"தண்ணி மட்டும் நாப்பதடி கீழ நகர்ந்து போச்சு சார். நகர்த்தினவங்கதான் பழைய இடத்துல திருப்பி வைக்கணும்னு இப்பத்தான் சொன்னீங்க. எப்ப வைக்கப் போறீங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் புல்லுக்கு நீர் தெளிப்பான்கள் சுற்ற ஆரம்பித்தன. ஓக்ஸ் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைத் திறந்து, ஆறாவது முறையாக 'பொருத்தமற்றது' என்று எழுதினேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.