மேடம், டிஸ்சார்ஜ் செய்தது நான்தான்

ஹெப்பாள், மைசூரு
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய நிர்மலா மேடம் அவர்களுக்கு, உங்கள் நர்சிங் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் ஸ்வாதியின் அப்பா ஜடையன் பணிவோடு எழுதிக்கொண்டது. மாதேஸ்வர சாமி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். என் மனைவி சென்னம்மா ரொம்பவே சுகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்னடத்தில் எனக்கு லீவு லெட்டர் வரைதான் எழுத வரும். நீங்கள் கொள்ளேகால்காரர், தமிழ் படிப்பீர்கள் என்று ஸ்வாதி சொன்னாள்.

தப்பு என்னுடையது மேடம். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் நோயாளி விவரம் ஏற்றிப் பழகுவதற்காக ஆளுக்கொரு கற்பனை நோயாளியைக் கொடுத்து, பெயரை மட்டும் அவரவரே வைத்துக்கொள்ளச் சொன்னீர்களாம், இந்தப் பைத்தியக்காரப் பெண் அவள் அம்மா பெயரையே வைத்துவிட்டாள், வெறும் காய்ச்சல்தானே என்று நானும் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன், நீங்களோ வாராவாரம் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனீர்கள், காய்ச்சல் நிமோனியா ஆனது, அப்புறம் ஆக்ஸிஜன், அப்புறம் ஐசியூ, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதெல்லாம் சென்னம்மாவுக்கு இன்றைக்கு எப்படி இருக்கிறதோ என்று அடித்துக்கொள்ளும், வீட்டில் அவள் துணி துவைப்பதைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். முந்தாநாள் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரம், ஸ்வாதி முகம் கழுவப் போனாள், லேப்டாப் திறந்து கிடந்தது, நீங்கள் கடைசியாகக் கொடுத்ததை ஏற்றி வைத்திருந்தாள், எட்டிப் பார்த்தேன். சென்னம்மா, வயது நாற்பத்தாறு, உயிர் பிரிந்த நேரம் நாலு நாற்பது, உறவினருக்குத் தெரிவிக்கப்பட்டது. உறவினர் நான்தானே மேடம், எனக்கு யார் தெரிவித்தார்கள்?

"ஏ புள்ள, வெள்ளிக்கெழமையும் அதுவுமா பெத்தவளையா சாகடிக்கற?" என்று கத்தினேன். "சும்னிரப்பா, சும்மா இரு, அது நெஜ பேஷண்ட் இல்ல, மார்க்குக்கு" என்று குளியலறையில் இருந்தே பதில் வந்தது. சென்னம்மா அடுப்படியில் நின்றுகொண்டு, "நான் செத்துப்போனா இந்தக் களிய யாருங்க கிண்டறது?" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'இறந்தார்' என்பதற்குக் கீழே 'வீடு திரும்பினார்' என்று ஒன்று இருந்தது, இங்கிலீஷில்தான், பார்சல் சீட்டு படித்துப் படித்து எனக்கு அவ்வளவு தெரியும். அதை அமுக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். "நோயாளி நன்றாக நடக்கிறார், களி இரண்டு உருண்டை சாப்பிட்டார்" என்றும் தெரிந்த இங்கிலீஷில் சேர்த்துத் தொலைத்தேன்.

நேற்று நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "பொய்யா எழுதற கை நாளைக்கு வார்டுல யாரக் கொல்லுமோ" என்று சொல்லி, ஒரு மாதம் வார்டு டியூட்டி கிடையாது என்றீர்களாம். நியாயமான பேச்சு. ஆனால் ஒரு மாதம் போனால் அவளுக்கு அட்டெண்டன்ஸ் பத்தாது, பரீட்சை எழுத முடியாது, வருஷமே போய்விடும். நேற்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. பதினெட்டு வருஷமாகப் பேக்கிங்கில் ஒரு சீட்டைக்கூட மாற்றி ஒட்டாதவன், பெற்ற மகள் படிப்பில் போய்க் கை வைத்துவிட்டேன். வேண்டுமானால் கல்லூரி வாசலில் வந்து நிற்கிறேன், நாலு பேர் முன்னால் என்னைத் திட்டுங்கள். அவளை வார்டுக்குள் விடுங்கள் மேடம்.

நீங்களும் உங்கள் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், கம்ப்யூட்டரில்கூட நோய்நொடி இல்லாமல், நன்றாக இருக்க வேண்டும்.

கைகூப்பி,
ஜடையன்

பி.கு.: கடிதத்தை ஸ்வாதி படித்துவிட்டு அழுகிறாள். நான் மாற்றியதை அன்றைக்கே பார்த்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நாலு நாற்பதைத் திரும்பப் போட்டுவிட்டாளாம். மறுநாள் காலை கல்லூரியில் உங்களுக்கு அனுப்பப் போகும்போது மனசு வரவில்லையாம். அவள் கையாலேயே அம்மாவை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள், களியை மட்டும் ஒன்றாகக் குறைத்து. ஆகையால் மேலே நான் எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். தண்டனையையும் குறைக்க வேண்டாம் என்கிறாள். அந்தப் பாடத்தை முதலில் இருந்து இன்னொரு தடவை கொடுத்தால், வேறு பெயர் வைத்துக் கடைசிவரை சரியாக எழுதிவிடுவாளாம். யார் பெயரை வைப்பது என்று என்னையே கேட்டாள். "எம்பேரையே போடு கண்ணு, என்னைக்காவது ஒருநா எழுத வேண்டியதுதானே" என்றேன்.