கேடயம் வேண்டாம், கட்டுரையும் வேண்டாம்

அம்பத்தூர்,
12-9-1989

தொழிற்பேட்டைச் சிறுதொழில் சங்கத்தின் மாத இதழை ஐந்தாண்டுகளாக ஒரு மாதம்கூடத் தவறாமல் தாமதமாகக் கொண்டுவரும் மதிப்புக்குரிய ஆசிரியர் திரு. செபாஸ்டியன் அவர்களுக்கு, மூன்றாவது தெருக் கோடியில் தகரக்கூரை போட்ட பிரஸ் ஷெட்டின் மேனேஜர் ரகுநாதன் கைகட்டி நின்று எழுதுவது. தாங்களும் தங்கள் சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இருப்பதாக நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவி பார்வதமும் நலம். அதாவது பார்வதம் நலம்.

போன கூட்டத்தில் போண்டா பரிமாறிய பிறகு என் தோளில் கைபோட்டு, "ரகுநாதன், மூணு மாசமா உற்பத்தில உங்க ஷெட்டுதான் முதல். ஆளை எப்படி எடுக்கணும், எப்படி நடத்தணும்னு மத்த மேனேஜருங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டீர்கள். நான் ஐந்து பக்கம் எழுதி, மீசையை முறுக்கி எடுத்த போட்டோவும் வைத்து அனுப்பினேன். ஐயா, அந்தக் கட்டுரையை அச்சிட வேண்டாம். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று தெரியும், அதற்குள் கிழித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை விழாவில் எங்களுக்குக் கொடுக்கவிருக்கும் கேடயத்தையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன். ஆனால் சொன்னது நான் என்று எங்கள் முதலாளி ஆனந்தன் காதுக்கு எட்டக்கூடாது. என் பெயர் எங்கும் வரவேண்டாம். கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நீங்கள் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து இதழுக்கு வந்தவர், பிரஸ் ஷெட்டுக்குள் நின்றிருக்க மாட்டீர்கள். தகட்டை உள்ளே நீட்டினால் மேலிருந்து ஓர் இரும்புத் தலை இறங்கி, ஒரே அடியில் ஸ்கூட்டருக்கான வாஷரை வெட்டித் தள்ளும். தகடு எது, விரல் எது என்ற பேதம் அதற்குக் கிடையாது. எங்களிடம் அப்படிப் பத்து மெஷின், பத்து ஆள். நான் பதினோரு வருஷம் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தவன். பழைய மேனேஜர் துபாய்க்குப் போன அன்று அவர் நாற்காலிக்கு மேலேதான் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, நான் போய் உட்கார்ந்தேன், முதலாளி பார்த்தார், "சரி, நீயே இரு" என்றார். அவ்வளவுதான் என் தகுதி. ஆள் எடுக்கும் வித்தையை ஃபோர்மேன் அப்பாவு எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "சார், சர்ட்டிபிகேட்ட பாக்காதீங்க, கைய பாருங்க. பிரஸ்ல அஞ்சு வருஷம் ஓட்டினவனுக்குப் பத்து வெரலும் இருந்தா அவன் உஷாரு. ஒம்போது இருந்தா புத்தி வந்தவன். எட்டு இருந்தா வாணாம் சார், திருந்த மாட்டான்" என்றார். சொன்னவருக்கு எட்டரை. அந்த அரையை நான் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கேட்கவில்லை.

அப்படி விரலை எண்ணி எடுத்தவன்தான் வேலுசாமி. பக்கத்து ஊரான பாடியில் ஒரு பட்டறையில் ஆறு வருஷம் பிரஸ் ஓட்டியவன். இன்டர்வியூவுக்கு வந்தவன் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. வணக்கம் தலையால் வந்தது. பேப்பரை இடது கையால் நீட்டினான். போயிற்று, நாலு விரல் கணக்கில் இல்லை என்றே முடிவுகட்டினேன். "கைய எடுப்பா" என்றேன். நெளிந்தான். அப்பாவு அதட்டியதும் எடுத்தான். ஐந்து விரலும் முழுசாக, ஐந்து நுனியிலும் மருதாணி. "மச்சினிச்சி கல்யாணம் சார். தூங்கிக்கினு இருக்கசொல்ல வச்சி உட்டுட்டாளுங்கோ" என்றான். பத்து விரலைப் பார்த்த சந்தோஷத்தில் அங்கேயே வேலை கொடுத்தேன். இந்த ஷெட்டிலேயே ஜாக்கிரதையான ஆள் இவன்தான் என்று கட்டுரையின் முதல் பக்கத்தில் பெருமையடித்திருக்கிறேன் பாருங்கள், அது அவனைத்தான்.

இரண்டாம் பக்கத்தில் போர்டைப் பற்றி எழுதியிருப்பேன். ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் தொழிலாளிகளுக்குள் போட்டி வைத்தால் உற்சாகம் வரும் என்று படித்துவிட்டு, ஒரு கரும்பலகை வாங்கி, பத்துப் பேர் பெயரையும் எழுதி, தினமும் எத்தனை வாஷர் என்று போடச் சொன்னேன். வாரம் முழுக்க முதலில் நிற்பவனுக்கு ஓர் எவர்சில்வர் சம்புடம், மூடியில் அவன் பெயர் வெட்டி. பெயர் வெட்டிய பாத்திரம் ஒரு வீட்டுக்குள் போனால் என்ன நடக்கும் என்பதை மட்டும் அந்தப் பத்திரிகைக்காரன் எழுதவில்லை. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குத் திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருதான். ரேஷன் கடை வரிசையில் நடந்ததைப் பார்வதம் நடித்தே காட்டினாள். யூனியன்காரர் மதுரைவீரன் முதல் நாலு வாரமும் ஜெயித்திருந்தார். அவர் மனைவி புஷ்பா, வேலுசாமியின் மனைவி பஞ்சவர்ணத்தைப் பார்த்து, "இன்னாமே, ஒங்க ஊட்ல இன்னும் அலுமினியத்துலதான் சோறா? எங்க ஊட்ல பேரு வெட்டுன சம்படம் நாலு கீது, ஓணும்னா ஒண்ணு எட்துக்கினு போ" என்றாளாம். "தோடா! பேரு வெட்டிட்டா சோறு ருசியாயிடுமா? நீ வெக்கிற கொழம்ப ஊத்துனா அந்தப் பேரே அழிஞ்சிடும்" என்று பஞ்சவர்ணம் அங்கே விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் வேலுசாமியுடன் பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கு இதெல்லாம் தமாஷாக இருந்தது. ஷெட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு மூவாயிரமாக இருந்தது நாலாயிரத்து அறுநூறு ஆயிற்று. முதலாளி முதல்முறையாக என் பெயரைச் சரியாகச் சொன்னார்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். போன மாதக் கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரம். எல்லாரும் வெளியே வேப்பமரத்தடியில் இருக்க, மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் இரண்டு பட்டன் உண்டு ஐயா, இந்தக் கைக்கு ஒன்று, அந்தக் கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் தலை இறங்கும். அதாவது அடி விழும்போது இரண்டு கையும் வெளியே இருந்தாக வேண்டும். நாலாம் நம்பர் பிரஸ்ஸில் இடது பட்டனை அழுத்தியபடி சைக்கிள் டியூப் துண்டு ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு பட்டனைக் கட்டிப் போட்டால் ஒரு கையால் ஓட்டலாம், இன்னொரு கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். அந்த இன்னொரு கை எங்கே இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த மெஷினைப் பார்த்தேன், டியூப். அதற்கடுத்தது, டியூப். பத்தில் ஏழு. வெள்ளிக்கிழமை என்பதால் ஒரு டியூப்புக்குக் குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். நாலாம் நம்பர் யாருடையது? நம் மருதாணிக்காரனுடையதுதான்.

கூப்பிட்டுக் கேட்டேன். "இன்னா சார் பண்றது, போர்டுல என் பேரு கடசில கீது. ஊட்டுக்குப் போனா தட்டைத் தூக்கிப் போடுது" என்றான். "ஏம்ப்பா, பாடியில ஆறு வருஷம் பத்து விரலோட இருந்தியே!" என்று கத்தினேன். அவன் நிதானமாக, "அங்க போர்டு இல்ல சார்" என்றான்.

ஐயா, அன்றிலிருந்து நான் மனுஷனாக இல்லை. உள்ளே ஒவ்வொரு 'டங்'குக்கும் என் கையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழுந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். டீ வாங்கப் போனவனால் விழுந்த இடைவெளியாக இருக்கும், அதற்குள் எனக்கு வேர்த்து வழிந்திருக்கும். சாயங்காலம் விரல் எண்ணாமல் அனுப்ப மனசு வரவில்லை, கேட்டில் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்கும் இரண்டு கையும் கூப்பிக் கும்பிடு போட ஆரம்பித்தேன். பதிலுக்கு அவர்களும் கும்பிட்டால் எண்ணிவிடலாம் அல்லவா? மூன்றாம் நாள் மதுரைவீரன் வந்து, "இன்னா சார், கும்பிடுலாம் பலமா கீது? கம்பெனிய மூடப் போறீங்களா? உண்மைய சொல்லிடுங்க" என்று வழிமறித்தார்.

டியூப்பை எல்லாம் பிளேடால் அறுத்துப் போட்டேன். மறுநாள் காலை ஏழும் புதுசாக இருந்தன. போர்டை அழித்தேன். கக்கூஸ் கதவின் உள்பக்கத்தில் கரியால் எழுதி, போட்டியை நடத்திக்கொண்டார்கள். அதட்டலாம் என்றால், எனக்கு அதட்ட வராது. பார்வதத்திடம் கேட்டால் சொல்வாள். கடைசியில், இரண்டு கையாலும் ஓட்டலாம் என்று நானே காட்டுகிறேன் பார் என்று ஒரு நாள் முழுக்க நாலாம் நம்பரில் உட்கார்ந்தேன். மாலை மணி அடித்தபோது கழுத்து ஒரு பக்கம் திரும்பவில்லை, கண்ணில் பூச்சி பறந்தது, முந்நூற்றுப் பதினொரு வாஷர். கக்கூஸ் கதவில் பத்துப் பெயருக்கும் கீழே 'ரகுநாதன் சார் 311' என்று எழுதிவிட்டார்கள். "பரவால்ல சார், வாரக் கடசில ஒரு ஸ்பூனாவது கெடைக்கும்" என்றார் மதுரைவீரன். தகரக்கூரை அதிரச் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் போய்ப் பார்க்கிறேன், ஒரு மெஷினிலும் டியூப் இல்லை. அப்பாவு என் காதோடு சொன்னார்: "வேலுசாமிதான் எல்லார்கிட்டயும் பேசினான் சார். 'நம்ம சாரு முந்நூத்திப் பதினொண்ணுல நிக்கறாரு, நாமளும் கொஞ்சம் மெதுவா ஓட்டலாம்டா, அந்தாளு மானம் போவுது'ன்னான்." பன்னிரண்டு வருஷத்தில் இந்த ஷெட்டில் யாரும் எனக்காக எதுவும் செய்ததில்லை. ஓரமாகப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

மூன்றாம் நாளே முதலாளியின் போன். "என்னய்யா, நாலாயிரத்து அறுநூறு மூவாயிரம் ஆயிடுச்சு? அவனுங்க தூங்கறானுங்களா, நீ தூங்கறியா?" நான், "கரண்ட் கட் சார்" என்றேன். "பக்கத்து ஷெட்டு ஓடிச்சே?" என்றார். "அது வேற லைன் சார்" என்றேன். இரண்டுக்கும் ஒரே கம்பம். அவருக்கும் தெரியும். பிறகு தட்டுத் தடுமாறி டியூப் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்றார். "இல்ல சார்" என்றேன். "அப்புறம் என்ன? ஞாயித்துக்கிழமை கேடயம் வாங்கற வரைக்கும் கண்ணை மூடிக்கோ. அப்புறம் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். இதை ஆட்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. "முதலாளி இன்னா சொன்னாரு சார்?" என்று இரண்டு நாளாகக் கேட்கிறார்கள். நான் தொண்டை கட்டிவிட்டதாகச் சைகை காட்டிக்கொண்டு திரிகிறேன். கேடயம் இல்லை என்று நீங்களே அறிவித்துவிட்டால் முதலாளிக்கு அவசரம் போய்விடும், நானும் தைரியமாக எதையும் சொல்லத் தேவையிருக்காது. என் தைரியத்தை நம்பி பத்துப் பேர் கையை விடவேண்டாம் ஐயா, அது அவ்வளவு தாங்காது.

மேனேஜர்களுக்கு யோசனை கேட்டீர்கள். என் பெயர் போடாமல் இதை வேண்டுமானால் ஒரு மூலையில் போடுங்கள். ஆள் எடுக்கும்போது விரலை எண்ணிப் பயனில்லை, முன்பு வேலை பார்த்த இடத்தில் சுவரில் என்ன மாட்டியிருந்தார்கள் என்று கேளுங்கள். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் இனிப்பு வாங்குவதற்கு முன் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நடை உள்ளே போய்ப் பாருங்கள். தொழிலாளி வீட்டில் அவன் மனைவி முகம் எப்படி இருக்கிறது என்பதும் மேனேஜர் வேலையில் சேர்த்திதான். மற்றபடி எனக்கு ஒன்றும் தெரியாது.

தங்கள் வீட்டு டீச்சர் அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, இரும்பு இல்லாத உத்தியோகமாகப் பார்த்து அமர ஆண்டவன் அருளட்டும். தங்கள் சர்க்கரை இறங்கட்டும், இதழின் சந்தா ஏறட்டும்.

இப்படிக்கு,
பெயர் போட வேண்டாத,
ரகுநாதன்

பி.கு.: மேலே பெயர் வேண்டாம், எரித்துவிடுங்கள் என்று கெஞ்சியிருப்பதையெல்லாம் அடித்துவிடவும். கவரை ஒட்டும் நேரத்தில் நீங்கள் அனுப்பிய போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு முதலாளியே வந்துவிட்டார். நேராக வேலுசாமியிடம் போய், "ரெண்டு கையையும் வச்சிக்கிட்டு என்னடா பூஜை பண்ற? எப்பவும்போல வேகமா ஓட்டு, படம் எடுக்கணும்" என்றார். வேலுசாமி பெட்டிக்கடியிலிருந்து டியூப்பை எடுத்துப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "மாட்டவா சார்?" முதலாளி சொல்கிறபடி செய்யப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று வந்துவிட்டது. "யாருய்யா இங்க மேனேஜர்?" என்றார் முதலாளி. "நான்தான் சார்" என்றேன். "இப்ப இல்ல" என்றார். நான் கேட்டைத் தாண்டும்வரை உள்ளேயிருந்து மெதுவாகத்தான் 'டங்' கேட்டது. நாளைக்கு எப்படிக் கேட்குமோ தெரியாது, அதனால் கடிதம் முழுவதையும் என் பெயரோடு கொட்டை எழுத்தில் போடுங்கள், இனி எனக்குப் பயப்பட ஒன்றுமில்லை. இப்படி எழுதினேனே தவிர, அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகிற மூன்று வண்டிகளை விட்டுவிட்டேன். இதழ் வெளிவந்ததும் திருமுல்லைவாயில் விலாசத்துக்குப் பார்வதம் பெயரில் ஒரு பிரதி தபாலில் அனுப்பிவையுங்கள், அவள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அதுவரை நான் தினமும் காலை ஏழரைக்குச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பிவிடுவேன். வழக்கம்போலத் தாமதமாகவே வெளியிடுங்கள், அவசரமில்லை.