வேலைக்கு விட்ட பெருந்தகை

தமக்குச் சொந்தமில்லாத ஒன்றை அடுத்தவருக்குத் தாராளமாக வழங்கிவிட்டு, வழங்கிய செய்தியை வாழ்நாள் முழுவதும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். மருத்துவமனை வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பார். பேச்சு மழையில் தொடங்கினாலும் சரி, மூட்டுவலியில் தொடங்கினாலும் சரி, சுற்றி வளைத்து ஓரிடத்துக்கு வந்து சேர்வார். "என் மனைவியை நான் வேலைக்கு விட்டிருக்கேன்." கொஞ்சம் இளையவராக இருந்தால், "மேல படிக்கவும் விட்டேன்." இன்னும் முற்போக்கானவராக இருந்தால், "கார் ஓட்டக்கூட விடறேன், தெரியுமா?" கூண்டைத் திறந்து கிளியைப் பறக்கவிட்டவர்கூட இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார். இந்த இனத்துக்கு 'விட்டவர்' என்று பெயர் வைப்போம். பொருத்தமான பெயர்தான். மனைவியை மட்டுமா விடுகிறார்கள்? கதையும் விடுகிறார்கள்.

நாம் பார்க்கப்போகிற விட்டவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கடன் கேட்டு வந்தவரை முகம் சுளித்து அனுப்பியதில்லை. மகளின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். தும்மினால் உடனே மன்னிப்புக் கேட்பார். தொழிலிலும் கெட்டிக்காரர். கண் பரிசோதனைக்கு வந்தவரை நாற்காலியில் உட்கார்த்தி, அந்தக் கனத்த இரும்புச் சட்டத்தை மூக்கில் ஏற்றி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகுவார். அந்த நிலையில் எழுந்து ஓட யாராலும் முடியாது. எழுத்து இப்போது தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்ற கேள்விகளுக்கு நடுவே, தம் மனைவி பொதுப்பணித் துறையில் பாலப் பொறியாளர் என்பதையும், பெண்கள் அதிகம் போகாத அந்த வேலைக்குத் தாம் ஒரு வார்த்தை தடை சொல்லாமல் விட்ட கதையையும் சொல்லி முடிப்பார். ஊரில் பார்வை மங்கிய எல்லோருக்கும் அந்தக் கதை மனப்பாடம்.

உண்மையில் அந்த அம்மாள் கல்யாணத்துக்கு முன்பே அந்த வேலையில்தான் இருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் அவர் பாலத்தடியிலிருந்து திரும்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டால் விட்டவராக இருக்க முடியுமா?

அம்மாளுடைய வேலை என்ன என்று கேட்டால் கணவர் "பாலத்தைப் பார்ப்பாங்க" என்பார். ஏதோ மாலையில் காற்று வாங்கப்போய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டு வருவதுபோல இருக்கும். அம்மாள் செய்தது வேறு. ஒரு லாரியின் நீண்ட இரும்புக் கையில் தொங்கும் கூண்டில் ஏறி, பாலத்துக்கு அடியில் போய், தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டு, சிறு சுத்தியலால் கான்கிரீட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்பார். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளுக்குள் விட்டுப்போன இடம் பொத்தென்று சொல்லும். அப்படித்தான் ஒருநாள் ஊரை இரண்டாகப் பிரிக்கும் ஆற்றின் மேலிருந்த பெரிய பாலம் பொத்தென்று சொன்னது. தூணும் உத்தரமும் சேருமிடத்தில் ஒரு விரிசல். பாலத்தை உடனே மூட வேண்டும் என்று அம்மாள் அறிக்கை கொடுத்தார். மூடினார்கள்.

ஊர் கொதித்தது. பேருந்துகள் சுற்றிக்கொண்டு போயின. அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனவர்கள், பள்ளிக்கூடம் சேர நேரமானவர்கள், காரணமே இல்லாமல் எரிச்சலில் இருந்தவர்கள், எல்லோரும் ஒரு பெண்பிள்ளை மயிரிழை விரிசலைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். கண்ணாடிக் கடையோ பாலத்தின் முனையிலேயே இருந்தது. ஆள்நடமாட்டம் நின்றது, வியாபாரம் படுத்தது. அப்போது நம்மவர் என்ன செய்தார்? கடைக்கு வந்த ஒன்றிரண்டு பேரிடமும் குரலைத் தாழ்த்தி, அவளுக்கு எப்போதுமே எதிலும் பயம் அதிகம், பால் பொங்கினாலே பதறுவாள் என்றார். வீட்டில் சாப்பாட்டு மேசையில், கொஞ்சம் பார்த்து எழுதியிருக்கக் கூடாதா, கனரக வண்டிகளை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்றார். அம்மாள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பழுது பார்க்க வந்தவர்கள் கான்கிரீட்டை உடைத்தபோது உள்ளே கம்பிகள் துருவேறி, கை பட்டால் உதிரும் நிலையில் இருந்தன. நிறைய வண்டிகள் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பத்திரிகைகள் படம் போட்டு விளக்கின. அந்தப் படத்தில் ஒரு பள்ளிப் பேருந்து ஆற்றில் தலைகீழாக இருந்தது. அவ்வளவுதான். ஊர் அப்படியே குப்புறத் திரும்பிக்கொண்டது. அம்மாளைக் கண்டால் எழுந்து நின்றார்கள். நம்மவரும் திரும்பிக்கொண்டார், ஊரைவிடக் கொஞ்சம் வேகமாக.

அறிவியல், பொறியியல், மருத்துவத் துறைகளில் சாதித்த உள்ளூர்ப் பெண்களைப் பாராட்டுவதென்று நகர மன்றம் முடிவு செய்தது. மன்றத் தலைவி ஒரு பல் மருத்துவர். பிறர் வாயைத் திறக்க வைத்தே பழகியவர். ஆகவே பாராட்டுப் பெறும் ஒவ்வொருவருடைய குடும்பத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். நம்மவருக்கு அன்று முதல் கால் தரையில் பாவவில்லை. புதுச் சட்டை தைத்துக்கொண்டார். கடையில் ஆளில்லாத நேரத்தில் பேசிப் பழகினார். அது கண்ணாடிக் கடை அல்லவா, நான்கு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் கையை உயர்த்திப் பேசும் ஒரு பெருந்தகை தெரிந்தார்.

அதே வாரத்தில் வீட்டில் இன்னொரு பேச்சும் நடந்தது. தொலைவில் ஒரு துறைமுக நகரத்தில் உள்ள பழைய பாலங்களையெல்லாம் ஆராய ஒரு குழு அமைக்கிறார்கள், அதற்குத் தலைமை தாங்க வரச் சொல்கிறார்கள், இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டியிருக்கும் என்று அம்மாள் சொன்னார். இந்த வேலைக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்ததாகவும் சொன்னார். நம்மவர் மறுக்கவில்லை. விட்டவர்கள் மறுக்கவே மாட்டார்கள். மகளுக்குப் பரீட்சை வருகிறதே என்றார். உனக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளுமா என்றார். கடைசியில் "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அந்த வீட்டில் அதற்கு என்ன பொருள் என்பது மகளுக்குக்கூடத் தெரியும். சமையலறையை மாற்றிக் கட்டும் திட்டமும், நாய் வளர்க்கும் திட்டமும் அந்த யோசனையில்தான் இன்னும் ஊறிக்கொண்டிருந்தன.

விழா நாளில் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அம்மாளின் தலைமைப் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். முதலில் பாராட்டுப் பெற்றவர் அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். அவருடைய கணவர் எழுந்து, நாளைக் காலையில் அவளுக்கு அறுவை சிகிச்சைப் பணி இருக்கிறது, நாங்கள் கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப வேண்டும், எல்லோருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் பயிர் நோய்களை ஆராய்பவர், கல்யாணம் ஆகாதவர். அவரை யாருடைய மனைவி என்று அறிமுகப்படுத்துவது என்று தெரியாமல் அறிவிப்பாளர் காகிதத்தின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். அவருடைய தம்பி மேடையேறி, அக்கா சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று மட்டும் சொன்னார். இவர்கள் எல்லாம் ஒலிபெருக்கியின் அருமை தெரியாதவர்கள் என்று நம்மவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு அவர் முறை வந்தது. பெண்மையின் பெருமையில் தொடங்கினார். வேலைக்கு விட்ட கதைக்கு வந்தார். எத்தனையோ பேர் தடுத்தும் தாம் அசையாமல் நின்றதைச் சொன்னார். யார் தடுத்தார்கள்? அவரே யோசித்தாலும் பெயர் வராது. பாலக் கதைக்கு வந்தபோது குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

"அன்னைக்கு அவ ரொம்பத் தயங்கினா. ஊரே திட்டுமேன்னு பயந்தா. நான்தான் சொன்னேன். ஊரு என்ன வேணா சொல்லட்டும், நீ பாலத்தை மூடு, நான் இருக்கேன்."

கூடம் கைதட்டியது. மேடையில் அம்மாள் தம் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்மவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார். கைதட்டல் என்பது பொல்லாத வஸ்து. ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் இன்னொருமுறை கேட்கும். அவர் கையை உயர்த்தினார்.

"இன்னும் சொல்றேன். நாளைக்கே அவளை எந்த ஊருக்கு வேலைக்குக் கூப்பிட்டாலும், தாராளமாப் போன்னு சொல்லுவேன். வீட்டை நான் பார்த்துக்கறேன்."

இந்த முறை சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள்.

அம்மாள் கேடயத்தை வாங்கிக்கொண்டு பேச வந்தார். கூண்டு லாரியை ஓட்டுபவர் கை நடுங்காதவர், அவரால்தான் தாம் நிம்மதியாக வேலை செய்ய முடிகிறது என்று நன்றி சொன்னார். பாலங்கள் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை, நாம்தான் நெடுநாள் தட்டிப் பார்க்காமல் இருந்துவிடுகிறோம் என்றார். பிறகு முன்வரிசையிலிருந்த தலைமைப் பொறியாளரைப் பார்த்தார்.

"துறைமுகத்துல ஒரு வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. வீட்டுல பேசி முடிவாகாம இருந்துச்சு. இப்ப உங்க எல்லார் முன்னாலயும் முடிவாயிருச்சு. நான் போறேன். சார், அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துக்கறேன்."

தலைமைப் பொறியாளர் முகமெல்லாம் மலர்ந்து தலையாட்டினார். கூடம் முழுவதும் நம்மவர் பக்கம் திரும்பியது. அத்தனை கண்களும் ஒருசேரப் பார்த்தால் மனிதன் என்ன செய்வான்? அவருடைய கைகள் அவரைக் கேட்காமலே தட்டத் தொடங்கின. இந்த முறை முதலில் தட்டியவரும் அவர்தான், கடைசியில் நிறுத்தியவரும் அவர்தான்.

காரில் திரும்பும்போது மகள் பின்னிருக்கையில் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பாலா வேறெதனாலா என்று தெரியவில்லை. அம்மாள்தான் வண்டியை ஓட்டினார். நம்மவர், மேடையில் பேசும்போது ஒரு வேகத்தில் நாலும் வரும், அதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தொடங்கினார்.

"அந்தப் பாலத்தை நீங்கதான் மூடச் சொன்னீங்கன்னு சொன்னீங்க" என்றார் அம்மாள். "நான் மறுத்தேனா?"

அவர் இருக்கைப் பட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு வார்த்தை மாறாம ஞாபகம் இருக்கு. அது எனக்குள்ளயே இருக்கட்டும். நீங்க இதை வாபஸ் வாங்காதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். சாப்பாட்டு மேசையில் தாம் சொன்னதும், அவள் தட்டைக் கழுவிக்கொண்டு நின்ற முதுகும் அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. காது சூடேறியது. "எப்ப கிளம்பணும்?" என்று மட்டும் கேட்டார்.

அம்மாள் போனார். வீடு ஓடியது, கொஞ்சம் நொண்டிக்கொண்டு. சட்டிகள் கருகின, பள்ளிச் சீருடை ஒருமுறை துவைத்ததில் சாயமேறி இளஞ்சிவப்பானது, மகள் பரீட்சையில் நன்றாகவே எழுதினாள். நம்மவர் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? அதற்குள் மூக்கில் சட்டம் ஏறிய வாடிக்கையாளர்கள், மனைவியைத் தனியாக வெளியூருக்கே அனுப்பிய மாமனிதரின் கதையைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எழுத்து இப்போது தெரிகிறதா?

விடுமுறையில் மகளோடு துறைமுகத்துக்குப் போனார். பாலத்தை ஒட்டிக் கயிறு கட்டியிருந்தது. அதற்கப்பால், கீழே கடல் அலையடிக்க, அம்மாள் கூண்டில் நின்று தலையைச் சாய்த்துச் சுத்தியலால் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். காற்றில் கூண்டு அசைந்தது. இத்தனை வருடத்தில் நம்மவர் அந்த வேலையை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. கயிற்றைத் தாண்டக் காலெடுத்தார். காவலாளி தடுத்தார். தாம் அவருடைய கணவர் என்று நம்மவர் சொன்னார்.

"இருக்கட்டும் சார். அம்மா விடச் சொன்னாத்தான் விடுவோம்."

மகள் இந்த முறை சத்தமாகவே சிரித்தாள். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கூண்டு மேலே வரும்வரை கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றார். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் நினைவுக்கு வந்திருப்பார்; அல்லது அலுவலகத்து மேலாளர், அல்லது சகலை. விட்டவர்களில் மாமியார்களும் உண்டு, அண்ணன்களும் உண்டு. எல்லோரையும் நினைத்துச் சிரித்துவிட்டு, நல்லவேளை நான் அப்படியில்லை, என் மனைவிக்கு நான் எந்தக் குறையும் வைத்ததில்லை, வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள் என்கிறீர்கள். நல்லது, கேட்டுவிடுவோம். நீங்கள் மட்டும் கொஞ்சம் எழுந்து வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு நிற்கிறீர்களா?