வத்ஸலாவின் இதயம் பெங்களூருக்குப் போன விவரம்

ஸ்ரீ:
மைசூர், சரஸ்வதிபுரம்
3-3-1999

சிரஞ்சீவி ப்ரத்யும்னனுக்கு, உன் அத்திம்பேர் செலுவநாராயணன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நீயும் சௌபாக்யவதி அபூர்வாவும் ஹூஸ்டனில் குறைவில்லாமல் இருக்க மேலுகோட்டைப் பெருமாள் அனுக்ரஹம் பண்ணட்டும். இங்கே நாங்கள் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கம்ப்யூட்டர் வேறு மாதிரி சொல்வதால் அந்த வரியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

போன தீபாவளிக்கு நீ போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? உலகம் முழுக்க வைத்தியம் கம்பி வழியாக வர ஆரம்பித்துவிட்டது, ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்க்கிறவனுக்கு ஐந்நூறு மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிற டாக்டர் மருந்து எழுதுகிறார், நடுக்கடலில் கப்பல்காரனின் நெஞ்சுத் துடிப்பைக் கரையிலிருந்து பார்க்கிறார்கள், நீங்கள் மட்டும் இன்னும் மஞ்சுநாத் டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்று. அந்த வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. ஜனவரியில் நம் தெருக்கோடியில் கிரண் என்று ஒருவர் கம்ப்யூட்டர் இதயப் பரிசோதனை என்று போர்டு மாட்டியதும், உன் அக்கா வத்ஸலாவையும் அழைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். முதலில் என்னைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து மார்பிலும் கைகாலிலும் கம்பிகளை ஒட்டினார்கள். வத்ஸலா வெளியே கம்ப்யூட்டர் மேஜையடியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் உள்ளே, நான் வெளியே. கம்ப்யூட்டரில் தட்டுகிற தாரணி என்ற பெண், கொள்ளேகால்காரி, "பேரு சொல்லுங்க சார்" என்றாள். முப்பத்தாறு வருஷம் ரயில்வே ஸ்டோர்ஸில் இருந்தவனிடம் பேரைக் கேட்டால் சும்மா விடுவானா? இனிஷியல், வயசு, ரிடையர் ஆன தேதி எல்லாம் சொன்னேன். அவளும் மரியாதையாகத் தட்டிக்கொண்டாள். பிறகு ஒரு பெட்டி கீச்கீச்சென்று கத்தியது. எங்கள் இரண்டு பேர் இதயமும் டெலிபோன் கம்பி வழியாகப் பெங்களூரில் இருக்கிற பெரிய டாக்டரிடம் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கிரண் சொன்னார்.

பத்து நாள் முன்னால் பதில் வந்தது. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளத்தாள். செலுவநாராயணன், வயது 61, ஒரு குறையும் இல்லை. வத்ஸலா, வயது 55, இதயத்துக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு இருக்கலாம், கடுமையான வேலை கூடாது, உடனே பெங்களூர் வந்து ஆஞ்சியோகிராம் செய்துகொள்ளவும். அவளிடம் தாளைக் காட்டினேன். "எனக்கு என்ன கேடு? அடுப்புல பால் பொங்கறது, வழி விடுங்கோ" என்றாள்.

நான் வழி விடவில்லை. அன்றிலிருந்து அவளை ஊஞ்சலில் உட்காரவைத்துவிட்டு எல்லா வேலையும் நானே செய்கிறேன். துணி துவைத்து மாடியில் உலர்த்துவது, அரிசி மூட்டையை இழுத்துவைப்பது, மோர்க்குழம்பு என்ற பேரில் ஒன்று வைப்பது. பழக்கமில்லாத வேலை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இடது தோள் வலிக்கிறது. பிழிந்து பிழிந்து சுளுக்கு பிடித்திருக்கும். அவளோ உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், நான் செய்கிற ஒவ்வொன்றிலும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குரலில் அடைப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

சரி, எதற்கும் இருக்கட்டும் என்று மஞ்சுநாத் டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனேன். அவர் அவள் முதுகிலும் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு ஏனூ இல்ல, ஒண்ணும் இல்ல சார், கடியாரம் மாதிரி அடிக்குது. உங்க முகம்தான் வாடி இருக்கு, கொஞ்சம் படுங்க, பார்க்கறேன்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெங்களூர் டாக்டர் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அச்சடித்துக் கொடுத்திருக்கும்போது இவர் முகத்தைப் பார்த்து ஜோசியம் சொல்கிறார். படுக்காமல் வந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை இன்னும் மோசம். காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் நேராக மேலுகோட்டை பஸ் ஏறிவிட்டாள். பக்கத்து வீட்டு கௌரம்மா சொல்லித்தான் தெரியும். பதறிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனேன். மலைமேல் நரசிம்மர் கோயில் படியில் பாதி ஏறுவதற்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கவலையில்தான், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் உச்சிவரை ஏறி, சேவித்து, எதிரே இறங்கி வருகிறாள். நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. "நீங்க எதுக்கு வந்தேள்?" என்று கேட்டு என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். சுற்றி இருந்தவர்கள் என்னைத்தான் நோயாளி என்று நினைத்திருப்பார்கள்.

ப்ரத்யும்ன, எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணால் பார்ப்பதை நம்புவதா, எழுதி வந்ததை நம்புவதா? 25ஆம் தேதி வியாழக்கிழமை பெங்களூருக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். அவள் வரமாட்டேன் என்கிறாள். நீ போனில் சொல்லு, உன் பேச்சுக்குத் தலையாட்டுவாள். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன பண்ணுவேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. முப்பத்துநாலு வருஷத்தில் இதை அவளிடம் சொன்னதில்லை. உன்னிடம் எழுதுகிறேன், நீயும் சொல்லாதே.

அபூர்வாவுக்கு என் ஆசி. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். நேரம் கிடைக்கும்போது திருமண் இட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மே. அ. செலுவநாராயணன்

பி.கு.: கவரை ஒட்டுமுன் வழக்கம்போல் இரண்டு வரி எழுத உன் அக்காவிடம் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, தாரணி என் பேரைக் கேட்ட இடத்தைத் திரும்பப் படித்தாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்கு அந்தப் பொண்ணு, உள்ளே படுத்துண்டிருக்கறவா பேர் என்னன்னு கேட்டா. நான் எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிஞ்சுண்டேன். சரி, உங்க பேரு வயசாவது சொல்லுங்கம்மான்னா. சொன்னேன். அதையே தட்டிட்டா போலிருக்கு." இவள் என் பேரை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியாததா? மேலுகோட்டையில் உற்சவருக்கும் என் பேர்தான் என்று அவரைக்கூட வெறும் பெருமாள் என்றே சேவிக்கிறவள். நான் என்னடாவென்றால், அவள் உள்ளே இருக்கும்போது என் பேரைச் சொல்லியிருக்கிறேன். ஆக, அந்த இதயம் என்னுடையது. மேலே எழுதியதெல்லாம் ரத்து.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் கிரணின் இடத்துக்குப் போன் பண்ணினாள், தாரணிதான் எடுத்தாள் போலிருக்கிறது. கதவருகே நின்று கேட்டேன். "பேஷண்ட் பேரு செலுவநாராயணன். செ-லு-வ-நா-ரா-ய-ணன். நன்னா எழுதிக்கோம்மா, இனிமே தப்பு வரப்படாது. செலுவநாராயணன்." மூன்று தடவை. வியாழக்கிழமை நான்தான் படுக்கப்போகிறேன், நீ முடிந்தால் புறப்பட்டு வா.