அத்தானின் நைலான் துரோகம்

ஃப்ரானெக்கர்,
செவ்வாய்க்கிழமை.

என் மரியாதைக்குரிய ஹில்கே அக்காவுக்கு, தம்பி சீட்சே பணிவன்புடன் எழுதுவது. இங்கே நான் சுகம், கால்வாய் சுகம், உன் ஜன்னல் செடிகளும் சுகம். க்ரோனிங்கனில் உன் மகள் நின்கேயும் பச்சைக் குழந்தையும் நலமென்று அறிந்து மகிழ்ந்தேன். பேரன் பிறந்ததற்கு நீ அனுப்பிய சோம்பு மிட்டாயை ரஸ்கில் தூவி வழக்கப்படி ஒன்றே ஒன்று தின்றேன். இரண்டாவதை அத்தான் பார்க்காதபோது தின்றேன்.

விஷயம் அவரைப் பற்றியதுதான். நீ பிள்ளைப்பேறு பார்க்கப் போனதிலிருந்து உன் வீட்டுக்காரரின் போக்கு சரியில்லை. குடியில்லை, வேறு பெண்ணும் இல்லை, அதைவிட மோசம்: தன் பெரிய வயோல் வாத்தியத்தில் மேல் நரம்பு அறுந்ததும் அங்கே நைலான் தந்தி மாட்டியிருக்கிறார். ஆட்டுக்குடல் நரம்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்று சபதம் செய்த எங்கள் இசைக்குழுவில், டௌவே அத்தானே இப்படிச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? உனக்குத் தெரியும், அவருடைய வயோல் ஆளுயரம், என்னுடையது குழந்தை மாதிரி மடியில் உட்காரும். அவருடைய மேல் நரம்பும் என்னுடைய மூன்றாம் நரம்பும் ஒரே தடிமன். அவருடையது பட்டென்று அறுந்தால் மிஞ்சுகிற துண்டு எனக்கு அளவெடுத்தாற்போல் இருக்கும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்கிறார்களே, அப்படி. அவர் அறுப்பார், திட்டுவார், நான் கையை நீட்டுவேன். இத்தனை வருஷத்தில் மூன்றாம் நரம்பென்று நான் கடைக்குப் போனதே இல்லை. அதை நீ பிச்சை என்பாய், நான் உறவு என்கிறேன்.

அவரிடமிருந்து கடைசியாகக் கிடைத்த அந்த மூன்றாம் நரம்பும் இன்று காலை அறுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசைக் கச்சேரி, அதில் எனக்கென்று தனியாக வாசிக்க ஓர் இடம், வாழ்க்கையில் முதல் தடவை. ஈஸ்டருக்கு முன்னால் ஊருக்கு ஊர் இதே கச்சேரி நடப்பதால் நாட்டில் ஒரு முழம் நரம்பு கிடையாது. இத்தாலியில் நரம்பு முறுக்குகிறவரைக் கூப்பிட்டால் மே மாதம் பார்க்கலாம் என்கிறார், ஏதோ இயேசு அதுவரை காத்திருப்பார் என்பதுபோல. நானும் நைலான் கட்டுவதைவிட வயோலை விறகாக்கிவிடலாம். அத்தானிடமே போய்க் கேட்டேன்.

"என்ன அத்தான் இது, தூண்டில் கயிறா?"

"அறுந்துபோவாது மாப்ள. நிம்மதியா இருக்கு."

"உங்களுக்கு நிம்மதி. எனக்கு?"

"உனக்குத்தான் வாய் இருக்கே. பாடிடு."

இப்படியும் ஒரு மனுஷன்! அக்கா, நீதான் போன் போட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும். ஒரு நரம்பு அறுபடுவதால் அவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

நின்கேவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் வாழ்த்துகள். பேரன் நீண்ட விரல்களும் நல்ல காதும் பெற்று, தாத்தாக்களைப் போலில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் நரம்பில்லாத தம்பி
சீட்சே

பின்குறிப்பு: அக்கா, போன் போடாதே. தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது அத்தானே வயோலைச் சுமந்துகொண்டு வந்தார். மேசைமேல் ஓர் உறையை வைத்தார். உள்ளே குடல் நரம்பு, ஒன்றே ஒன்று, முழு நீளம். அந்த இத்தாலிக்காரரிடம் ஜனவரியிலேயே கேட்டுவைத்தது இப்போதுதான் வந்ததாம். "என்னோடதுல போட்டா ஒரு நரம்பு. வெட்டி உன்னோடதுல போட்டா ரெண்டு. வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணு, அது அறுந்தா இன்னொண்ணு. அதான் நான் நைலானுக்கு மாறிட்டேன். கணக்கு சரிதானே மாப்ள?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தால் மனுஷன் நாற்காலியிலேயே தூங்குகிறார். கத்தரிக்கோலை எடுத்தேன், வெட்ட மனம் வரவில்லை. நைலானைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, நரம்பை முழுசாக அவர் வயோலிலேயே மாட்டிவிட்டேன். வியாழக்கிழமை ஒத்திகை இருக்கிறது. எப்படியும் அறுப்பார், மிச்சம் எனக்கு. அறுக்காவிட்டால் மிச்சமிருக்கிற ஐந்து நரம்பை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன், நீ அவரிடம் ஒன்றும் சொல்லாதே.