வெண்கோட்டையில் கேள்விகள் நின்ற விதம்

வெண்கோட்டை என்றொரு நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். ஒவ்வொரு முறையும் அதே அரசரே வெல்வார். ஆனாலும் குடிகள் கேள்வி கேட்பது அரண்மனைக்கு உறுத்தலாக இருந்தது. இளம் வயதிலேயே அதைச் சரிசெய்துவிட எண்ணி, கல்வி அமைச்சர் மாறவர்மனார் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு வந்தார்.

“மணியடித்ததும் கைதட்டும் குழந்தைக்குக் கடலைமிட்டாய். கேள்வி கேட்கும் குழந்தைக்கு மதியச் சோறு கிடையாது. பழக்கம்தான் மனிதன். இதுவே இனி பாடத்திட்டம்” என்றார்.

பயிற்சி மாணவி அல்லி எழுந்தாள். அவளுக்குப் படித்ததைச் சொல்லும் ஆர்வம்.

“ஐயா, பிள்ளைங்க மிட்டாய மட்டும் பாக்காதுங்க. பக்கத்துப் பிள்ளைக்கு என்ன நடக்குதுன்னு பாத்தும் கத்துக்கும்.”

அமைச்சர் மகிழ்ந்துபோனார். “அருமை! அப்படியானால் எல்லோரையும் தண்டிக்கத் தேவையில்லை. ஒரு குழந்தை போதும். மற்றவை பார்க்கட்டும்.”

அல்லி சொன்னது அன்று மாலையே சட்டமானது.

அடுத்த வாரம் பயிற்சிக்காக அவள் பாடம் நடத்திய வகுப்பில் முத்தழகி என்ற சிறுமி கேட்டாள். “டீச்சர், ஆத்துத் தண்ணி ஏன் கறுப்பா வருது?”

ஆற்றின் மேல்கரையில் அமைச்சரின் மைத்துனர் சாயப்பட்டறை நடத்தி வந்தார். சன்னலோரம் அமைச்சர் அனுப்பிய ஆய்வாளர் நின்றிருந்தார். மதியம் முத்தழகியின் தட்டை அல்லியே எடுத்துக்கொண்டாள். மற்ற முப்பது குழந்தைகளும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

பிறகு அந்த வகுப்பில் யாரும் எதையும் கேட்கவில்லை. சில மாதங்களில் மிட்டாயை நிறுத்தினார்கள். கைதட்டல் நிற்கவில்லை. வீடுகளில் வாந்தியும் பேதியும் பரவின. பக்கத்து வீடு பேசாததால் எந்த வீடும் பேசவில்லை.

தை மாதத்தில் முத்தழகி இறந்துபோனாள். துக்கம் கேட்கப் போன அல்லியிடம் அவள் அம்மா சொன்னாள்: “மூணு நாளா வயித்துவலிம்மா. எங்கிட்டகூடச் சொல்லல. ஏன்டி சொல்லலன்னேன். சொன்னா சோறு போடமாட்டாங்கன்னுச்சு.”

அல்லியால் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தேர்தல் நெருங்கியது. அரசர் அமைச்சரோடு பயிற்சிப் பள்ளிக்கு வந்து, “யாருக்கேனும் குறை உண்டா?” என்று வழக்கம்போல் கேட்டார். அரங்கம் கைதட்டியது. அல்லி மட்டும் எழுந்தாள்.

“இருக்குங்க. ஆத்துத் தண்ணியக் குடிச்சு ஒரு பிள்ளை செத்துப்போச்சு. தண்ணி ஏன் இப்படி இருக்குன்னு அது கேட்டுச்சு. நான்தான் பட்டினி போட்டேன். நீங்களாவது பதில் சொல்லுங்க.”

கைதட்டல் அடங்கியது. அரசர் தலையைத் திருப்பி அமைச்சரின் முகத்தைப் பார்த்தார். அமைச்சர் புன்னகைத்தார். அதைப் பார்த்தபின் அரசரும் அதே போலப் புன்னகைத்தார்.

வெண்கோட்டையை ஆள்வது யாரென்று அல்லிக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு அதன்பின் எந்த வகுப்பும் தரப்படவில்லை.